ஏ-க்கு அடுத்து ஏன் கே?

இந்தக் குதிரைப் பகுதிக்கு வழக்கமாகத் தீவனம், லாடம், வயிற்றுவலி என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் டிரெஸ்ஸாஜ் களத்தைப் பற்றியே வந்திருக்கிறது, அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். டிரெஸ்ஸாஜ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஓட்டப்பந்தயமும் இல்லை, தடை தாண்டுவதும் இல்லை. குறித்த இடத்தில், குறித்த நடையில், குறித்த அசைவைக் குதிரையும் அதன் மேல் இருப்பவரும் சேர்ந்து செய்துகாட்ட, நடுவர்கள் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அந்தக் ‘குறித்த இடம்’ என்பதில்தான் இந்த மாதக் கேள்விகள் எல்லாமே வந்து நிற்கின்றன.

என் மகள் ரைடிங் கிளாஸில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. களத்தைச் சுற்றி எழுத்துகள் வைத்திருக்கிறார்கள், ஏ-க்கு அடுத்து கே, அப்புறம் இ, எச் என்று வரிசையே இல்லாமல். மனப்பாடம் ஆகவில்லை என்று அழுகிறாள். ஏதாவது வழி உண்டா?
(திருப்பூரிலிருந்து ஓர் அப்பா)

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், நானும் முதல் வருடம் முழுக்க உளறியவன்தான். இங்கிலாந்துப் பிள்ளைகள் எட்வர்டு மன்னரின் குதிரைகள் வேலி தாண்டுவதாக ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதை நினைவு வைப்பார்கள். அது நம் வாயில் ஒட்டாது. நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது:

அண்ணன் கடைசியா வந்தது எழும்பூர் ஸ்டேஷன் ஹோட்டல்: சட்னி, மசாலா, ரவா, பஜ்ஜி, பொங்கல், ஃபுல்!

ஒவ்வொரு சொல்லின் முதல் ஒலியையும் எடுத்தால் ஏ, கே, வி, இ, எஸ், எச், சி, எம், ஆர், பி, பி, எஃப். பெரிய களத்தின் சுற்றளவில் உள்ள பன்னிரண்டு எழுத்தும் வந்துவிட்டது. ஏ என்பது வாசல். அதில் நுழைந்து நேரே பார்த்தால் எதிரே இருப்பது சி, தலைமை நடுவர் உட்காரும் இடம். நுழைபவரின் இடது கை ஓரமாக கே-யில் தொடங்கி மேலே போய், சி-யைச் சுற்றி, வலது ஓரமாக எஃப் வரை இறங்கி வர வேண்டும். ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் இரண்டு எழுத்து தமிழில் எழுதும்போது ஒரே ‘பி’ ஆகிவிடுகிறது பாருங்கள், எங்கள் கொட்டிலில் அதற்கு ‘பஜ்ஜி பி’, ‘பொங்கல் பி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் மகள் கற்பது சின்னக் களமாக இருக்கும், நீங்கள் எழுதிய வரிசையிலேயே தெரிகிறது. அதில் வி, எஸ், ஆர், பொங்கல் பி நான்கும் கிடையாது. அண்ணன் கடைசியா எழும்பூர் ஹோட்டல்: சட்னி, மசாலா, பஜ்ஜி, ஃபுல். எட்டோடு முடிந்தது.

நடுக்கோட்டில் இன்னும் ஐந்து எழுத்து உண்டு, ஆனால் அவற்றுக்குப் பலகை கிடையாது, மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏ-யிலிருந்து சி நோக்கி டி, எல், எக்ஸ், ஐ, ஜி. அதற்கும் ஒன்று இருக்கிறது: டீ லைட்டா, எக்ஸ்ட்ரா இஞ்சி, கிளாஸில். சின்னக் களத்தில் டி, எக்ஸ், ஜி மட்டும்.

இதைக் காகிதத்தில் எழுதிப் படிக்கவிடாதீர்கள். வீட்டுக் கூடத்திலோ மொட்டைமாடியிலோ சாக்பீஸால் கட்டம் போட்டு, எழுத்தைச் சொல்லச் சொல்ல அந்த இடத்துக்கு ஓடச் சொல்லுங்கள். இரண்டு நாளில் வந்துவிடும். குதிரை மேல் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு யோசிக்க நேரம் கிடைக்காது, காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கியபோதுதான் இப்படி ஒரு போட்டி இருப்பதே தெரிந்தது. அந்தக் களம் எவ்வளவு பெரியது? எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம்?
(மதுரை வாசகி)

2023 செப்டம்பரில் ஹாங்சோவில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா நான்கு பேரும் சேர்ந்து வாங்கிய அணித் தங்கத்தைச் சொல்கிறீர்கள். அனுஷ் தனிநபர் பிரிவில் வெண்கலமும் வாங்கினார், மறு வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் போட்ட களத்தில், டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவர்தான்.

சர்வதேசப் போட்டி எங்கே நடந்தாலும் களம் 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். ஆரம்ப நிலைப் போட்டிகளுக்கும் பயிற்சிக்கும் 20-க்கு 40 போதும். அது ஹேண்ட்பால் களத்தின் அதே அளவு, உங்கள் ஊர்க் கல்லூரியில் ஹேண்ட்பால் கோர்ட் இருந்தால் போய் நின்று பாருங்கள், எவ்வளவு சின்ன இடத்தில் அரை டன் எடையுள்ள மிருகத்தைத் திருப்புகிறார்கள் என்று புரியும்.

தூரக் கணக்கு எளிது. இரண்டு களத்திலும் மூலையிலிருந்து முதல் எழுத்து 6 மீட்டர். பெரிய களத்தில் அதற்கப்புறம் எழுத்துக்கு எழுத்து 12 மீட்டர், சின்னதில் 14 மீட்டர். நீளப் பக்கத்தைக் கூட்டினால் 6, நான்கு பன்னிரண்டு, 6, ஆக 60. சின்னதில் 6, 14, 14, 6, ஆக 40. நடுக்கோட்டு எழுத்துகள் எல்லாம் ஓரத்து எழுத்துகளுக்கு நேரே இருப்பவை: கே-க்கும் எஃப்-க்கும் நடுவில் டி, வி-க்கும் பொங்கல் பி-க்கும் நடுவில் எல், இ-க்கும் பஜ்ஜி பி-க்கும் நடுவில் எக்ஸ், எஸ்-க்கும் ஆர்-க்கும் நடுவில் ஐ, எச்-க்கும் எம்-க்கும் நடுவில் ஜி.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. பெரிய களத்தில் கே-யிலிருந்து எம் வரை குறுக்கே போனால் தூரம் சரியாக 52 மீட்டர், தசமமே இல்லாமல். 20-ஐயும் 48-ஐயும் பிதாகரஸில் போட்டுப் பாருங்கள். குதிரை காலை நீட்டி நீட்டிப் போடும் அந்த அழகான டிராட், அதாவது துள்ளுநடை, இந்தக் கோட்டில்தான் வரும். சின்னக் களத்தில் அதே கோடு 34 மீட்டர் சொச்சம்தான், குதிரை வேகம் பிடிப்பதற்குள் எதிர்ச் சுவர் வந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பை ஒட்டி 35 சென்ட் காலி நிலம், சமதளம்தான். இரண்டு குதிரை வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்காக முறையான களம் போட ஆசை. பெரியதே போடலாமா? எப்படி அளப்பது?
(பெயர் வேண்டாம் என்றவர்)

பெரியது 1,200 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 30 சென்ட். அப்படியானால் 35-இல் உட்காருமே என்று தோன்றும். உட்காராது. நிலம் அளவெடுத்த மாதிரி நீளவாக்கில் இருந்தாலும் சுற்றிலும் ஒரு மீட்டர் சொச்சம்தான் மிஞ்சும், எழுத்துப் பலகை எங்கே, தண்ணீர் வடிய வாய்க்கால் எங்கே, பயந்து வெளியே பாயும் குதிரைக்கு இடம் எங்கே? வேலிக்கு அடுத்து தென்னை மரம் என்றால் நான் என் பிள்ளையை அங்கே குதிரை ஏற்ற மாட்டேன். சின்னக் களமே போடுங்கள். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 26-க்கு 46, அது ஏறக்குறைய 29½ சென்ட். மிச்ச இடத்தில் குதிரையைக் கட்டவும் குளிப்பாட்டவும் வசதியாக இருக்கும்.

முதலில் திசை. நீளப் பக்கம் வடக்கு தெற்காகப் போகட்டும். குதிரை ஏறுவது காலையிலும் சாயங்காலமும்தான், கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால் பாதி நேரம் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், சி-யில் உட்காருபவருக்கும் அதே கதிதான்.

அப்புறம் அளவு. இங்கே மேஸ்திரி ஒரு தப்புப் பண்ணுவார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மீட்டரை அடியாக்குவார். 20 மீட்டர் என்றால் 65 அடிதானே என்று போட்டால் 19 சென்டிமீட்டர் குறையும். 60 மீட்டரை 200 அடி என்று போட்டால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடிவிடும். நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் களத்தின் அகலம் 18½ மீட்டர்தான் இருந்தது, மூன்று வருடம் யாருமே கவனிக்கவில்லை, எங்கள் பிள்ளைகள் வெளியே போட்டிக்குப் போய் ஒவ்வொரு வட்டத்தையும் சின்னதாகப் போட்டுவிட்டு வந்து முழித்தார்கள். அன்றைக்கு டேப்பைப் பிடித்து அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதனால் 50 மீட்டர் டேப் ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள், அடிக்கணக்கே வேண்டாம். நைலான் கயிற்றை இழுத்து அளக்கவும் வேண்டாம், அது இழுக்க இழுக்க நீளும்.

ஒரு நீளப் பக்கத்தில் 40 மீட்டருக்கு இரண்டு முளை அடியுங்கள். இரு முனையிலும் மூலைமட்டம் எடுக்க வேண்டும், வீடு கட்டும்போது 3-4-5 முக்கோணம் போடுவார்களே, அதையே 6-8-10 மீட்டராகப் போட்டால் பிசகு குறையும். அந்தத் திசையில் 20 மீட்டர் போய் மற்ற இரண்டு முளைகளை அடியுங்கள். இப்போது குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், 44 மீட்டர் 72 சென்டிமீட்டர் வர வேண்டும், இரண்டு குறுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல் என்றால் களம் சாய்ந்த பெட்டியாக இருக்கிறது, எதிர்ப்பக்கத்து இரண்டு முளைகளையும் சேர்த்து ஒரே பக்கமாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். பின்னாளில் பெரிய களம் போடுகிறவர்களுக்கு அந்தக் குறுக்கு 63 மீட்டர் 25 சென்டிமீட்டர். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை. களம் கோணலாக இருந்தால் அதில் நேராகப் போகக் கற்ற குதிரையும் கோணலாகத்தான் போகும்.

இந்த அளவெல்லாம் வேலியின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு. வேலி 30 சென்டிமீட்டர் உயரம் போதும், அது குதிரையைத் தடுக்க அல்ல, எல்லை காட்ட. வெள்ளை அடித்த பி.வி.சி. பைப்பைத் தாங்கியில் சும்மா வைத்துவிடலாம், குளம்பு பட்டால் கழன்று விழ வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், கயிறு கட்டவே வேண்டாம், கால் மாட்டினால் தொலைந்தது. ஏ-யில் மட்டும் திறப்பு விடுங்கள். எழுத்துகள் வேலிக்கு வெளியே அரை மீட்டர் தள்ளி நிற்கும், அந்த இடத்துக்கு நேராக வேலியிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் பலகை காற்றில் நகர்ந்தாலும் இடம் தெரியும்.

மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடித்தளத்தை நன்றாக இடித்து, அகலத்தில் 100-க்கு 1 சரிவு கொடுங்கள், 20 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம், மழைத் தண்ணீர் ஓடிவிடும். மேலே மணல் முதலில் இரண்டு அங்குலம் போதும். ஆழம் போதாவிட்டால் பிறகு கொட்டிக்கொள்ளலாம், கூடிப்போனால் குதிரையின் பின்னங்கால் நரம்பு இழுத்துக்கொள்ளும், அள்ளி எடுப்பதும் பெரும்பாடு. உருண்டையான மணல் காலடியில் உருளும், கோண முனையுள்ள மணல்தான் பிடித்து நிற்கும்.

ஏ-யில் போடச்சொன்ன 20 மீட்டர் வட்டத்துக்கு நடுவர் ‘வட்டமாக இல்லை’ என்று எழுதி 5 போட்டார். வி, எல், பொங்கல் பி எழுத்துகளைப் பார்த்துத்தான் திருப்பினேன். எங்கே தப்பு?
(சென்னை, கல்லூரி மாணவி)

எழுத்துகளைப் பார்த்துத் திருப்பினீர்கள், அதுதான் தப்பு.

சின்னக் களத்தில் ஏ வட்டம் (20 மீட்டர் என்பது அதன் விட்டம்) சரியாக எக்ஸ் வழியாகப் போகும், ஏனென்றால் எக்ஸ் அங்கே ஏ-யிலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது. அதில் பழகியவர்கள் பெரிய களத்துக்கு வந்ததும் அதேபோல ஓர் எழுத்தைத் தேடுவார்கள், நினைவுக்கு வருவது எல். ஆனால் எல் இருப்பது 18 மீட்டரில். அங்கே நடுக்கோட்டைத் தாண்டினால் வட்டம் இரண்டு மீட்டர் தட்டையாகிவிடும். நடுக்கோட்டை எல்-ஐத் தாண்டி இரண்டு மீட்டர் உள்ளே வெட்ட வேண்டும், அந்த இடத்தில் எந்த எழுத்தும் கிடையாது. நீளப் பக்கத்தைத் தொட வேண்டிய இடத்திலும் கிடையாது: மூலையிலிருந்து 10 மீட்டர், அதாவது கே-யைத் தாண்டி நான்கு மீட்டர், வி-க்கு எட்டு மீட்டர் முன்னால். அந்தப் பக்கமும் எஃப்-ஐ வைத்து அதே கணக்கு. தொட வேண்டும் என்றால் ஒரு காலடி மட்டும் தொட்டு விலக வேண்டும், சுவரோரமாக வண்டி ஓட்டக் கூடாது, மூலைக்குள் போகவே கூடாது.

இ-யில் போடும் வட்டத்தில் இதே எல் எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். அந்த வட்டத்தின் நடு எக்ஸ், அதிலிருந்து இரு பக்கமும் 10 மீட்டர். எல்-உம் ஐ-யும் 12 மீட்டரில் இருக்கின்றன. அவை வழியாகப் போனால் 24-க்கு 20, அச்சு அசலாக முட்டை. மனதில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 60 மீட்டர் களம் என்பது 20 மீட்டர் வட்டம் மூன்றை ஒட்டி ஒட்டி வைத்தது, தோசைக்கல்லில் மூன்று ஊத்தப்பம் போட்ட மாதிரி. ஒன்றை ஒன்று தொடும் இடங்கள் ஏ-யிலிருந்து 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் வரும். அந்த இரண்டு இடத்தையும் கண் பழகிவிட்டால் மூன்று வளைவுப் பாம்பு நடையும் சேர்த்துச் சரியாகிவிடும், அதிலும் நடுக்கோட்டை வெட்டுவது அங்கேதான்.

பழக ஒரு வழி. நடுக்கோட்டில் ஏ-யிலிருந்து 10 மீட்டரில் முளை அடித்து, 10 மீட்டர் நீளத்துக்கு நீளாத கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே கோலமாவு தூவுங்கள். முளையைப் பிடுங்க மறக்காதீர்கள். அந்தக் கோட்டின் மேல் முதலில் வாக் (சாதா நடை), பிறகு டிராட், கடைசியாக கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் நடை). முதல் தடவை பார்க்கும்போது ‘இவ்வளவு பெரிசா’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

இன்னொன்று, எழுத்தில் செய் என்றால் எப்போது செய்வது என்பதும் குழப்பம். உங்கள் உடம்பு எழுத்துக்கு நேராக வரும்போது செய்ய வேண்டும், குதிரையின் மூக்கு வரும்போது அல்ல. குறுக்குக் கோட்டில் வந்து ஓர் எழுத்தில் நடை மாற்றும்போது மட்டும் விதிவிலக்கு: குதிரையின் மூக்கு அந்த எழுத்தருகே ஓரப் பாதையைத் தொடும்போதே மாற்றிவிட வேண்டும்.

ஒரே குதிரை, ஒரே ஆட்டம், ஐந்து நடுவர்கள், ஐந்து விதமான மதிப்பெண். இதில் எதை நம்புவது?
(கோவை வாசகர்)

ஐந்தையும் நம்பலாம், அவர்கள் ஐந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கமாக இ, எச், சி, எம், பஜ்ஜி பி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கே-யும் எஃப்-உம் சேர்ந்து ஏழு பேர்.

எக்ஸ்-இல் வந்து நின்று வணக்கம் வைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யில் இருப்பவருக்குக் குதிரை நேராக வந்ததா, பின்பக்கம் ஒதுங்கி நின்றதா என்பது கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் ஒரு பின்னங்கால் பின்தங்கி நிற்பது அவருக்குச் சட்டென்று பிடிபடாது, முன்னால் குதிரையின் மார்பு மறைக்கிறது. பக்கவாட்டில் இ-யிலும் பஜ்ஜி பி-யிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கால் பளிச்சென்று தெரியும், ஆனால் நடுக்கோட்டை விட்டு ஒரு சாண் விலகியது அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் 8 போட்டு இன்னொருவர் 6½ போட்டால் உடனே யார் யாருக்கு வேண்டியவர் என்று ஆராயாமல், யார் எங்கே இருந்தார் என்று பாருங்கள். எல்லா வித்தியாசமும் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன், நடுவர்களும் மனிதர்கள்தான். இருந்தாலும் முக்கால்வாசிக்கு நாற்காலி இருக்கும் இடம்தான் காரணம்.

இந்த எழுத்துகளை யார் வைத்தது?
(நாகர்கோவில் வாசகர், இன்னும் மூன்று பேர்)

ரைடிங் பள்ளிகளில் அடிக்கடி சொல்லும் கதை பெர்லின் அரண்மனைக் கதை. ஜெர்மன் பேரரசரின் குதிரை லாயத்து முற்றம் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமாம், யார் குதிரை எங்கே காத்திருக்க வேண்டும் என்று சுவரில் எழுத்துப் போட்டிருந்தார்களாம்: கே என்றால் கைசர், அதாவது பேரரசர், எஃப் என்றால் ஃபியூர்ஸ்ட், இளவரசர், ஆர் என்றால் ரிட்டர், வீரர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு ஆதாரம் என்று யாரும் காட்டியதில்லை, எழுத்து வந்தபிறகு அதற்குச் சொல் தேடிய மாதிரிதான் எனக்குப் படுகிறது, நான் எழும்பூர் ஸ்டேஷன் ஹோட்டலைப் பிடித்த மாதிரி.

நீளமான களம் என்பது மட்டும் பழையதுதான். வியன்னாவில் 1735-இல் கட்டி முடித்த ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் குளிர்காலக் கூடம் 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். அங்கே இன்றைக்கும் உள்ளே நுழையும் வீரர்கள் கோடியில் மாட்டியிருக்கும் ஆறாம் சார்லஸ் பேரரசரின் படத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

தடை தாண்டும் போட்டிக்கும் இதே எழுத்துகளா?
(சேலம் வாசகர்)

இல்லை. அங்கே தடைகளுக்கு எண் போட்டிருக்கும், வலது பக்கம் சிவப்புக் கொடி, இடது பக்கம் வெள்ளைக் கொடி, நடுவில் தாண்ட வேண்டும். வண்டி பூட்டிய குதிரைகளுக்கும் ஒரு டிரெஸ்ஸாஜ் உண்டு, அதற்கு எழுத்துகள் உண்டு, ஆனால் களம் 100-க்கு 40 மீட்டர்.

எழுத்துப் பலகை செட் ஆன்லைனில் விலை அதிகமாக இருக்கிறது. கட்டாயம் வாங்க வேண்டுமா?
(திருச்சி வாசகி)

வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் டப்பா எட்டு வாங்கி, வெள்ளை அடித்து, கறுப்பில் ஒரு முழம் உயரத்துக்கு எழுத்து எழுதி, உள்ளே மணல் போட்டு மூடிவிடுங்கள். கம்பிக் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடுங்கள், அதில் கடிவாள வார் மாட்டிக்கொண்டு ஒரு தடவை டப்பாவையே இழுத்துக்கொண்டு ஓடியது எங்கள் குதிரை ஒன்று. எழுத்தை டப்பாவின் ஒரு பக்கம் எழுதினால் போதாது, மூன்று பக்கமும் எழுதுங்கள், பக்கவாட்டில் வரும்போதும் தெரிய வேண்டும்.